எண்ணக் கற்றவர்கள்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயல் மரபியல். விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் வழங்கும் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றை அடுக்கிச் சொல்லும் அவ்வியலை நடத்தும்போது வகுப்பில் சிறு சிரிப்பலை எழுவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன்பு அப்படியொரு வகுப்பின் முடிவில், பண்ருட்டிக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து வரும் மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, எங்க அக்கா மரபியல்ல முனைவர் பட்டத்துக்குச் சேரப் போறாங்க. அந்த மரபியலும் இந்த மரபியலும் ஒண்ணா?" என்று கேட்டார். வகுப்பு மீண்டும் சிரித்தது. நாமும் சிரித்துவிட்டோம். பெயர் ஒன்று, பொருள் வேறு என்று சொல்லி அன்றைய பாடத்தை முடித்துக்கொண்டோம்.

மாணவர் விடவில்லை. அடுத்த வாரம் தம் வீட்டிற்கு ஒருமுறை வரவேண்டும் என்று அழைத்தார். அக்காவுக்குத் தமிழகப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருக்கிறது. தந்தையார் வேண்டாம் என்கிறார். ஆசிரியர் ஒருவர் வந்து சொன்னால் கேட்பார் என்பது அவருடைய நம்பிக்கை. சென்றோம். செம்மண் நிலத்தில் முந்திரியும் பலாவும் கலந்து நின்ற தோப்பு. மேற்கே வானத்தின் ஓரத்தில் நெய்வேலி அனல்மின் நிலையங்களின் புகைக்கோடு. தந்தையார் மரியாதையாக வரவேற்று, கயிற்றுக் கட்டிலில் நம்மை அமரவைத்து, சுற்றிவளைக்காமல் கேட்டார்.

"சார், பி.எஸ்சி. படிக்க வெச்சேன். எம்.எஸ்சி. படிக்க வெச்சேன். படிப்பு முடிஞ்சுதுன்னு நெனச்சேன். இப்ப இன்னும் அஞ்சு வருஷம்ங்குறா. அந்த அஞ்சு வருஷத்துல அங்க என்னதான் சார் சொல்லிக் குடுப்பாங்க?"

தமிழ் முதுகலையோடு நின்றுவிட்டவர் நாம். வேலைக்கு நல்லது என்று ஏதோ சொன்னோம். அது மெலிந்த விடை என்பது அவருக்கும் தெரிந்தது, நமக்கும் தெரிந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அக்கேள்வி நம்முடனேயே பேருந்தில் வந்தது. அதன் பின்னர்ச் சில வாரங்கள் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை. அறிவியல் அறிஞர்கள் இதில் புதிதாக எதையும் காணமாட்டார்கள். இலக்கிய வாசகர்களுக்கு, நம் வயல்களையும் நம் சொற்களையும் ஒட்டிய வரலாறு ஒன்று இதில் கிடைக்கக்கூடும்.

ஒரு பெயர், இரு துறை

மரபியலை வெறும் பெயர்ப் பட்டியலாக எண்ணுவது நம் வகுப்பறைகளின் பிழை. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்து நிறுத்துவது அவ்வியல்தான். செடிகொடிகளுள் வெளிப்புறம் வன்மை கொண்டதைப் புல் என்றும், உள்ளே வைரம் பாய்ந்ததை மரம் என்றும் பிரிப்பதும் அதுவே. பனையும் தென்னையும் மூங்கிலும் புல்லினத்தில் வைத்து எண்ணப்பெற்றன. மூங்கிலையும் கரும்பையும் புல் குடும்பத்தில் வைக்கும் இன்றைய தாவரவியலுக்கு இப்பகுப்பு அயலானதன்று.

வெளியே நின்று நோக்கி உறவைக் கண்டது பழைய மரபியல். அவ்வுறவு ஏன் தலைமுறைதோறும் தொடர்கிறது, எங்கே பிறழ்கிறது என்று உயிரணுவுக்குள் புகுந்து தேடுவது புதிய மரபியல். பட்டாணிச் செடிகளைக் கொண்டு மெண்டல் கண்ட விதிகள் 34 ஆண்டுகள் உறங்கிக் கிடந்து 1900இல் மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தன. இத்துறைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரை 1905இல் முன்மொழிந்தவர் வில்லியம் பேட்சன். தமிழில் அத்துறைக்கு மரபியல் என்னும் தொல்காப்பியப் பெயரே நிலைத்தது. அது பொருத்தமான பெயர் என்பதே இப்போது நம் எண்ணம். மரபு என்பது முன்னோர் கையிலிருந்து பின்னோர் கைக்கு வருவது. உயிரணுக்குள் மட்டுமன்றி, அத்துறையைக் கற்பிக்கும் முறையிலும் அப்படியே நிகழ்ந்திருக்கிறது.

ஈக்கள் வளர்ந்த அறை

ஆய்வுசெய்து ஏடெழுதிப் பெறும் முனைவர் பட்டம் இன்றைய வடிவில் ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்தது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1861இல் அதை வழங்கத் தொடங்கியது. இங்கிலாந்து நெடுநாள் தயங்கிற்று. ஆக்ஸ்ஃபோர்டு 1917இலும் கேம்பிரிட்ஜ் 1919இலுமே அப்பட்டத்தை ஏற்றன. ஆகவே மரபியலும் இன்றைய முனைவர் பட்டமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தலையெடுத்தவை எனலாம்.

அவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்த இடம் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் நடத்திய சிறிய அறை. பால் புட்டிகளில் வாழைப்பழத்தை இட்டுப் பழ ஈக்களை வளர்த்தனர். செங்கண் ஈக்களுக்கிடையே வெண்கண் ஈ ஒன்று 1910இல் தோன்றிற்று. அதன் வழித்தோன்றல்களை ஆணென்றும் பெண்ணென்றும் வெண்கண் என்றும் செங்கண் என்றும் பிரித்து எண்ணியபோது, அக்குணம் பாலைத் தீர்மானிக்கும் குரோமோசோமோடு ஒட்டிச் செல்வது தெரிந்தது. அவ்வறையில் ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமர்ந்து ஈக்களை எண்ணினர். ஆல்ஃபிரெட் ஸ்டர்ட்டிவன்ட் என்னும் இளங்கலை மாணவர், 1911இல் ஓரிரவு வீட்டுப்பாடத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, எக்குணங்கள் எத்தனை முறை சேர்ந்து செல்கின்றன, எத்தனை முறை பிரிகின்றன என்னும் கணக்கிலிருந்து, மரபணுக்கள் ஒரு கோட்டில் எந்த வரிசையில் அமர்ந்துள்ளன என்று வரைந்து காட்டினார். உலகின் முதல் மரபணு வரைபடம் அதுதான், 1913இல் வெளிவந்தது. அவருடைய தோழர் கால்வின் பிரிட்ஜஸ், மரபணுக்கள் குரோமோசோமில்தான் உள்ளன என்பதற்குக் காட்டிய சான்றே அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. 1916இல் தொடங்கிய 'ஜெனடிக்ஸ்' இதழின் முதற் கட்டுரை அது.

அங்கே கற்பிக்கப்பெற்றது என்ன? ஈக்களைப் பற்றிய செய்திகளை நூலிலிருந்தும் கற்கலாம். எண்ணுவதை உடனிருந்துதான் கற்க வேண்டும். தமிழில் எண்ணுதல் என்னும் சொல்லுக்குக் கணக்கிடுதல் என்றும் சிந்தித்தல் என்றும் இரு பொருள் உண்டு. மரபியல் பயிற்சியில் அவ்விரண்டும் ஒரே செயல்.

எண்ணுவது எளிது என்று தோன்றும். பிளவுறும் உயிரணுக்கள் நிறைந்த வேர்நுனியை வெட்டியெடுத்து, நிறமூட்டி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் குரோமோசோம்கள் துண்டு நூல்களாகத் தெரியும். ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். ஒன்று வளைந்து இரண்டாகத் தோன்றும். இரண்டு ஒட்டி ஒன்றாகத் தோன்றும். மனித உயிரணுவில் 48 குரோமோசோம்கள் என்று 1920களில் நிலைபெற்ற கணக்கை மூன்று பதிற்றாண்டுகள் உலகமே நம்பியது. ஜாவாவில் பிறந்து, உருளைக்கிழங்குப் பயிர்மேம்பாட்டிலும் தாவரக் குரோமோசோம்களிலும் கை பழகிய ஜோ ஹின் ட்ஜியோ, சுவீடனில் ஆல்பர்ட் லெவனோடு சேர்ந்து, 46தான் என்று 1956இல் அறிவித்தார். தவறாக எண்ணியவர்களும் கற்றவர்களே. 48ஐ எதிர்பார்த்து எண்ணியதால் அவர்கள் கண்ணுக்கு 48 தெரிந்தது. தன் எண்ணிக்கையைத் தானே ஐயுறக் கற்பதுதான் அப்பயிற்சியின் கடினமான பகுதி.

கரும்பின் கணக்கு

இனி நம் பக்கத்து வயலுக்கு வருவோம். பண்ருட்டியிலிருந்து கடலூர்ச் சாலையில் சென்றால் நெல்லிக்குப்பம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அங்கே சர்க்கரை ஆலை உண்டு. அதியமானின் முன்னோர் கரும்பைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தனர் என்னும் செய்தியைப் புறநானூற்றில் ஔவையார் பாடியதை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறோம். அக்கரும்பு பின்னர் என்னவாயிற்று என்று சொல்வதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியக் கரும்பு மெலிந்தும் சாறு குறைந்தும் கிடந்தது. ஜாவாவிலிருந்து சர்க்கரை கப்பலில் வந்து இறங்கியது. 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பெற்றது. கரும்பு அங்கே நன்கு பூத்து விதைகொள்ளும் என்பது ஒரு காரணம். சார்லஸ் ஆல்ஃபிரெட் பார்பர் அதன் முதல் வல்லுநர். அவரோடு பணியாற்றி அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் டி.எஸ். வெங்கட்ராமன். சாறு மிகுந்த 'வெள்ளை' என்னும் கரும்பையும், சாறில்லாத, ஆயினும் வறட்சிக்கும் நோய்க்கும் அசையாத பேய்க்கரும்பையும் அங்கே கலந்தனர். அக்கலப்பில் பிறந்த கோ 205 என்னும் இரகம் 1918இல் வெளியிடப்பெற்று வடநாட்டு வயல்களில் பரவியது. திருவொற்றியூரில் பட்டினத்தாருக்குப் பேய்க்கரும்பு இனித்தது என்பது கதை. கோயம்புத்தூரில் பேய்க்கரும்பு இனித்தது வரலாறு.

இக்கலப்பில் விந்தையான கணக்கு ஒன்று ஒளிந்திருந்தது. வெள்ளைக் கரும்பில் 80 குரோமோசோம்கள். கோயம்புத்தூர்ப் பேய்க்கரும்பில் 64. பெற்றோர் ஒவ்வொருவரும் பாதியைத் தருவது இயற்கை முறை. அவ்வாறாயின் பிள்ளைக்கு 40ம் 32ம் சேர்ந்து 72 இருக்கவேண்டும். கோ 205இல் இருந்தவை 112. தாயாகிய வெள்ளை தன் 80ஐயும் முழுமையாகத் தந்துவிட, பேய்க்கரும்பு தன் பாதியாகிய 32ஐத் தந்திருந்தது. இவ்விந்தையைக் கரும்புக் கலப்புகளில் எண்ணிக் கண்டு விளக்கியவர் ஜாவாவில் பணியாற்றிய டச்சு அறிஞர் பிரேமர். உழவரின் கண்ணும் வல்லுநரின் கையும் நல்ல கரும்பைப் படைத்துவிட்டன. அது ஏன் நல்ல கரும்பு என்று சொல்ல எண்ணும் கண் வேண்டியிருந்தது. அக்கண்ணைப் பயிற்றும் இடம் அன்று நம் நாட்டில் வேரூன்றியிருக்கவில்லை.

தலச்சேரியிலிருந்து மிச்சிகனுக்கு

அதைத் தேடிக் கடல் கடந்தவர்களுள் ஒருவர் எடவலேத் கக்கட் ஜானகி அம்மாள். 1897இல் தலச்சேரியில் பிறந்தார். மலபார் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். ஆசிய நாட்டுப் பெண்களுக்கென மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் லீவை பார்பர் என்பவர் நிறுவிய உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. கோயம்புத்தூர்ப் பார்பர் வேறு, இவர் வேறு. 1924இல் ஜானகி அம்மாள் கப்பலேறியபோது கேம்பிரிட்ஜின் முனைவர் பட்டத்திற்கு வயது ஐந்து. அங்கே முதுகலை முடித்துச் சென்னைக்குத் திரும்பி மீண்டும் கற்பித்தார். பிறகு மறுபடியும் சென்று, ஹார்லி ஹாரிஸ் பார்ட்லெட் என்னும் தாவரவியலாளரின் கீழ் ஆய்ந்து, 1931இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார்.

அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த நைகாண்ட்ரா என்னும் செடி. உணவுக்காகாத, சந்தைக்கு வராத செடி. அதன் குரோமோசோம்களை அவர் ஆண்டுக்கணக்கில் நோக்கினார். இதில் என்ன பயன் என்று அன்று யாரேனும் கேட்டிருந்தால் விடை சொல்வது கடினமாகவே இருந்திருக்கும். பண்ருட்டித் தந்தையாரின் கேள்வி நமக்கு நினைவுக்கு வந்தது இவ்விடத்தில்தான்.

1934இல் அவர் கோயம்புத்தூர்க் கரும்பு நிலையத்திற்கு வந்தார். நைகாண்ட்ராவில் பழகிய கண் இப்போது நூறுக்கும் மேற்பட்ட குரோமோசோம்கள் நெருங்கிக் கிடக்கும் கரும்பின்மேல் படிந்தது. கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்து பெற்ற செடியைப் பற்றியும், கரும்பு மூங்கில் கலப்புகளின் குரோமோசோம் எண்களைப் பற்றியும் 1938இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். புல்லென்று ஒரே இனமாக வைத்து எண்ணப்பெற்றவற்றின் உறவு எவ்வளவு தொலைவு செல்லும் என்று சோதித்த முயற்சிகள் அவை. அக்கலப்புகள் வயலுக்கு வரும் பயிராகவில்லை. உறவின் எல்லையை அறிவதும் அறிவே. தனித்து வாழ்ந்த பெண், தீயர் சமூகத்தவர் என்னும் காரணங்களால் அங்கே அவருக்கு எல்லாம் எளிதாக அமையவில்லை என்று அவர் வாழ்வை ஆராய்ந்தோர் எழுதியிருக்கின்றனர்.

1939இல் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டிற்குச் சென்றார். அப்போதே இரண்டாம் உலகப்போர் மூண்டது. இங்கிலாந்திலேயே தங்கினார். இலண்டனுக்கு அருகில் மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை ஆய்வகத்தில் சிரில் டார்லிங்டனோடு பணியாற்றினார். குண்டு விழுந்த காலத்தில் அவர்கள் செய்துகொண்டிருந்த வேலை எண்களைத் திரட்டுவது. உலகில் மனிதர் பயிரிடும் செடிகளின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து, 'பயிரிடப்பெறும் தாவரங்களின் குரோமோசோம் நிலப்படநூல்' என்று பொருள்படும் நூலை இருவரும் 1945இல் வெளியிட்டனர்.

அதே 1945இல் அவ்விருவரும் வேறொரு கட்டுரையும் எழுதினர். பொருள், நைகாண்ட்ரா. முனைவர் பட்டத்தோடு முடிந்துபோகவில்லை அச்செடி. 20 குரோமோசோம்கள் உள்ள அச்செடியில் மிகச் சிறிய ஒன்று விடுபட்டு 19 ஆனால் விதைகள் உடனே முளைக்காமல் மண்ணில் நெடுநாள் உறங்கும் என்று அதில் காட்டினர். முளைக்கும் காலத்தை இப்படிப் பகிர்ந்துவைப்பது அச்செடிக்கு ஒரு காப்பு. இருபதில் ஒன்று குறைவு என்பதைக் கவனியாத கண்ணுக்கு இது என்றும் புலப்பட்டிராது. பயன் என்னவென்று சொல்லமுடியாமல் தொடங்கிய எண்ணிக்கை பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு விடை கொடுத்தது.

பின்னர் விஸ்லியிலுள்ள அரசத் தோட்டக்கலைக் கழகத்தில் பணியாற்றினார். அங்கே அவர் ஆய்ந்த மக்னோலியா மரவகைகளுள் ஒன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பை ஏற்றார். இறுதிக் காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தோடு இணைந்து, மதுரவாயலிலிருந்த அதன் கள ஆய்வகத்தில் மூலிகைகளுக்கிடையே வாழ்ந்து, 1984 பிப்ரவரியில் மறைந்தார். எண்பதைக் கடந்த பின்னும் ஆய்வு நின்றதில்லை.

நாட்டில் ஊன்றிய வேர்

தனியொருவர் கடல் கடந்து கற்று வருவது வேறு. அக்கல்வி ஊரிலேயே கைமாறுவது வேறு. முன்னது ஒருவரின் திறம். பின்னதே மரபு. நம் வரலாற்றில் இரண்டாவது நிலை தாமதமாகவே வந்தது.

கும்பகோணத்தில் 1925இல் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனின் வாழ்வு அத்திருப்பத்தைக் காட்டுகிறது. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியில் பயின்று, புதுதில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் உயிரணு மரபியல் கற்று, நெதர்லாந்தின் வாகெனிங்கனுக்கும் பின்னர்க் கேம்பிரிட்ஜுக்கும் சென்றார். அவருடைய ஆய்வேடு உருளைக்கிழங்கின் காட்டு உறவுகளில் குரோமோசோம் தொகுதிகள் பெருகும் முறையைப் பற்றியது. அதுவும் கத்தரிக் குடும்பமே. 1952இல் பட்டம் பெற்று, அமெரிக்காவின் விஸ்கான்சினில் சிலகாலம் ஆய்ந்தார். அங்கேயே பதவி வாய்த்தும் 1954இல் திரும்பினார். 1958இல் தில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையம் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. கடல் கடந்து கற்றவர்கள் இங்கேயே முனைவர்களை உருவாக்கும் வழி திறந்தது. கோதுமைப் புரட்சியை நாம் விளைச்சல் கணக்கால் அளக்கிறோம். அந்த வயல்களில் நின்று எண்ணக் கற்ற மாணவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்தே அளக்கவேண்டும். சுவாமிநாதன் 2023 செப்டம்பரில் மறைந்தார். அவரிடம் பயின்றவர்களும் அவர்களிடம் பயின்றவர்களும் நாடெங்கும் கற்பித்தனர்.

தமிழகத்தில் 1971இல் கோயம்புத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. பயிர் மரபியலும் பயிர்ப்பெருக்கமும் அங்கே பெருந்துறையாக வளர்ந்தன. நமக்கு அண்மையிலுள்ள சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலத்திலும், தரமணியிலுள்ள சென்னைப் பல்கலைக்கழக வளாகத்திலும், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் பயிர், மனிதர், நுண்ணுயிர் என்று பலவகை மரபியல் ஆய்வுகள் நடந்துவருகின்றன. 2022ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி முனைவர் படிப்புக்குக் குறைந்தது மூன்றாண்டு, பொதுவாக மிகுதியாக ஆறாண்டு. தொடக்கத்தில் பாடங்கள், ஆய்வு நெறியைப் பற்றிய பயிற்சி, பின்னர் நெறியாளரோடு ஆய்வு, ஏடு, வாய்மொழித் தேர்வு. பண்ருட்டித் தந்தையார் கேட்ட ஐந்தாண்டு, விதியின் மொழியில் இவ்வளவே.

விதி எழுதாத ஒன்றும் உண்டு. ஆய்வேடு பதவி உயர்வுக்கான படியாக மட்டும் ஆகிவிட்டால் எண்ணுதல் நின்றுபோகும். நம் துறையையே எடுத்துக்கொண்டால், மேலட்டை மட்டும் மாறி உள்ளே அதே இயல்கள் வரிசையில் நிற்கும் ஏடுகளை நாம் பார்த்திருக்கிறோம். முடிவை முதலிலேயே எழுதிவைத்துவிட்டுச் சான்று தேடியவர்களையும் அறிவோம். 48ஐ எதிர்பார்த்து 48ஐக் கண்டவர்கள் மரபியலில் மட்டும் இல்லை. உதவிப் பேராசிரியர் பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று 2023 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தத்தைப் பலர் குறை கூறினர். வேலைக்கென்று மட்டும் அப்பட்டத்தை நாடுவோரின் கூட்டம் அதனால் சற்றுக் குறைந்தால், பயிற்சிக்காக வருவோருக்கு அது நன்மையே என்று நமக்குத் தோன்றுகிறது.

எண்ணும் பொருளும் இன்று மாறிவிட்டது. குரோமோசோம்களை எண்ணிய இடத்தில் அவற்றின் எழுத்துகளையே எழுத்துக் கூட்டிப் படிக்கின்றனர். ஓர் உயிரின் மரபுச் செய்தி முழுவதையும் மரபணுத்தொகுதி என்கிறோம். மனிதனுடையது ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் கொண்டது. அதன் முதல் முழு வடிவ அறிவிப்பு 2003இல் வந்தது. கரும்புக்கு இருபதாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு குரோமோசோமும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும் பல படிகளாக இருப்பதே காரணம். ஒரே நூலின் பத்துப் பிரதிகளைக் கிழித்துக் கலந்துவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே ஒட்டச் சொன்னால் எப்படியோ அப்படி. ஓலைச்சுவடிப் பாடபேதங்களோடு போராடியவர்களுக்கு இத்துன்பம் புரியும். ரீயூனியன் தீவில் உருவான ஆர் 570 என்னும் கரும்பின் தொகுதி 2024இல் வெளியாயிற்று. துருநோயைத் தாங்கும் திறனுக்குரிய மரபணுக்கள் அதில் இனங்காணப்பெற்றன. இன்றைய கரும்புகளின் மரபுச் செய்தியில் சிறுபங்கு பேய்க்கரும்பினுடையது. நூறாண்டுக்கு முன் ஜாவாவிலும் கோயம்புத்தூரிலும் செய்த கலப்புகளின் தடம் இன்றும் உள்ளே இருக்கிறது.

பலாமரத்தடியில்

இவற்றையெல்லாம் படித்துக்கொண்டு மீண்டும் அத்தோப்பிற்குச் சென்றோம். ஜானகி அம்மாளின் கதையைச் சொன்னோம், நைகாண்ட்ராவையும் சொன்னோம். தந்தையார் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு எதிரே நின்ற முதிய பலாமரத்தைக் காட்டினார்.

"இந்த மரத்துப் பழம் தேனு சார். எங்க அப்பா வெச்சது. இதோட கொட்டையைப் போட்டு மொளைச்சதுதான் அதோ அந்த நாலு மரமும். ஒண்ணுகூட இது மாதிரி இல்ல. ஒண்ணு நாரு, ஒண்ணு சப்பு. இது ஏன்னு சொல்லுவாங்களா அங்க?"

பலா அயல்மரத்து மகரந்தத்தை ஏற்பது. கொட்டையிலிருந்து வரும் மரம் தாயைப் போலவே இருப்பதில்லை. ஆகவேதான் நல்ல மரத்தைத் தேர்ந்து ஒட்டுக்கட்டுகின்றனர். பக்கத்துப் பணிக்கன்குப்பத்து மரமொன்றைத் தேர்ந்தெடுத்தே பாலூர் ஆராய்ச்சி நிலையம் 'பாலூர் 1' என்னும் பலா இரகத்தை உருவாக்கியது. பலாவின் குரோமோசோம்கள் 56. அதன் மரபணுத்தொகுதியின் முதல் வரைவு 2020வாக்கில் வெளியாகிவிட்டது. நாம் இதைச் சொல்ல வாயெடுக்கும் முன், அதுவரை வாசற்படியில் பேசாது நின்ற மகள் சொன்னார்.

"அப்பா, பாதி எனக்குத் தெரியும். மகரந்தம் எந்த மரத்துலேர்ந்து வந்துச்சோ அதோட குணமும் சேர்ந்துடும். இனிப்பு எந்த எடத்துல இருக்கு, நாரு எந்த எடத்துல இருக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாதுப்பா."

"தெரியாததுக்கா அஞ்சு வருஷம்?"

"ஆமாம்ப்பா."

அவர் நெடுநேரம் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாம் சில வாரங்கள் தேடியும் கிடைக்காத விடை ஒரே சொல்லில் முடிந்திருந்தது. தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பது கல்லூரி. தெரியாததன் முன்னால் பொறுமையாக அமர்ந்து, பொய்யில்லாமல் எண்ணக் கற்பிப்பது முனைவர் பயிற்சி. பிறகு அவர் நம் பக்கம் திரும்பி, "படிச்சிட்டுத் திரும்பி வருவாளா சார்?" என்று கேட்டார். ஜானகி அம்மாளும் சுவாமிநாதனும் திரும்பி வந்ததைச் சொன்னோம். உறுதி கூற நமக்கு உரிமையில்லை. அவர் சம்மதம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விடைபெறும்போது நறுக்கிய சுளைகளை வாழையிலையில் கட்டிக் கொடுத்தார்.

மகள் சேர்ந்துவிட்டார். தம்பி நம்மிடம் படிப்பை முடித்துச் சென்றபிறகும் அவ்வப்போது தொலைபேசியில் பேசுவார். அக்கா ஓராண்டு எடுத்த கணக்கில் பிழை கண்டு, அதை முழுவதும் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாராம். வீட்டில் எல்லோரும் வருந்தினார்களா என்று கேட்டோம். இல்லையாம். தந்தையார் மட்டும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மகளிடம் பேசி முடித்துத் தொலைபேசியை வைக்கும்போது ஒன்றைக் கேட்பாராம்.

"இன்னும் எண்ணிக்கிட்டுத்தானே இருக்க?"